சுத்தச் செம்பு

காவேரி: அந்த பிஸ்கட்டுப் பாக்கெட்ட எடுத்து உன் பையிலயே வெச்சுக்க. திருடி வூட்டுக்கு பிஸ்கட்டு எதுக்கு?

இசபெல்லா: காவேரியக்கா... அஞ்சு மாசம் ஆச்சுங்க. இன்னுமா அதையே புடிச்சுக்கிட்டு இருக்கீங்க?

காவேரி: உனக்கு அஞ்சு மாசம். எனக்கு தெனம் நடக்குது. இந்தத் தெருவுல எவ வூட்டுல ஒரு டம்ளரு காணாமப் போனாலும் மொதல்ல எம் மொகத்தத்தான் பாக்கறாளுங்க.

இசபெல்லா: பெங்களூர் லேப்புல நடந்தது பொம்மிடியில எப்படிங்க தெரிஞ்சுது?

காவேரி: நீ பக்கத்துல உங்கூரு பள்ளிப்பட்டிக்கு லீவுக்கு வந்தப்ப உங்கம்மாகிட்ட சொல்லியிருப்ப. உங்கம்மா மாதாகோயில்ல நாலு பேருகிட்ட சொல்லியிருக்கும். அப்புறம் என்னா, ரயில்வே ஸ்டேஷன் மைக்குல சொன்ன மாதிரிதான்.

இசபெல்லா: எங்கம்மா அப்படியெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறவங்க இல்லீங்க.

காவேரி: மதலேனம்மாவா? சொல்லாது, பாவம். ராகம் போட்டுப் பாடும். சரி, வந்த காரியத்தச் சொல்லு. டாக்டரம்மா ரயிலேறி வந்து புளிக்கொட்டைக்கு நடுவுல உக்காந்திருக்கீங்கன்னா சும்மாவா இருக்கும்?

இசபெல்லா: சும்மாதான்... உங்களப் பாக்கணும்னு தோணுச்சு.

காவேரி: தோணும், தோணும். தோணிட்டுப் போவுது. அப்படியே கையச் சும்மா வெச்சுக்கிட்டு இருக்காத. இந்தா, இந்தக் குவியல்ல கொட்டைய எடு. சாயங்காலத்துக்குள்ள மண்டிக்காரன் வந்துருவான்.

இசபெல்லா: குடுங்க. நான் இன்னும் டாக்டர் ஆவலைங்கக்கா.

காவேரி: ஏன்? மூணு வருஷமா அந்தக் கண்ணாடிப் பெட்டிய உத்து உத்துப் பாத்தியே, கண்ணு பூத்துப் போற வரைக்கும்.

இசபெல்லா: வர்ற திங்கக்கிழமை ஆயிரும். ஆவணும். டெல்லியில இருந்து ரெண்டு பெரிய ஆளுங்க வர்றாங்க. அவங்க கண்ணு முன்னாடி ஒரே ஒரு தடவ பண்ணிக் காட்டிட்டா போதும், டிகிரி.

காவேரி: காட்டலன்னா?

இசபெல்லா: காட்டலன்னா... மூணு வருஷமும் போச்சு. பள்ளிப்பட்டிக்கு வந்து கல்லக்காயில கடல உரிக்க வேண்டியதுதான்.

காவேரி: உரியேன். நான் புளி தட்டறேன், நீ கல்லக்கா உரி. இங்க இருக்கறவளுங்க எல்லாரும் மனுசிங்கதான்.

இசபெல்லா: நான் அப்படிச் சொல்லலீங்க...

காவேரி: அப்படித்தான் சொன்ன. சொல்லிட்டு நாக்கக் கடிச்சுக்கற. இங்க குள்ளம்மா ஒரு நாளு கேட்டா, பெங்களூர்ல என்னா வேலடி பாத்தேன்னு. அடுப்புப் பொகையப் புடிச்சு எண்ணெயாக்கறாங்க, அங்க நான் தகடு கழுவுனேன்னேன். அவ சிரிச்ச சிரிப்புல இடுப்புக் கொடம் கீழ வுழுந்து நசுங்கிப் போச்சு.

இசபெல்லா: சிரிக்கட்டும். கார்பன் டை ஆக்சைடுங்கறது என்னான்னு தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்க. நாம வுடற மூச்சு, எது எரிஞ்சாலும் மிஞ்சற காத்து. அதத் தண்ணியில வுட்டு, ஒரு பக்கம் வெளக்கு வெளிச்சம், ஒரு பக்கம் கரண்டு, நடுவுல செம்புத் தகடு. அந்தத் தகட்டு மேல அது திரும்பவும் எரியற சரக்கா மாறுது. பெட்ரோல் மாதிரி, டீசல் மாதிரி...

காவேரி: தின்னு பேண்டத மறுபடி சோறாக்கற வேலை.

இசபெல்லா: ஐயோ, என்னாங்க இது! செடி கொடியெல்லாம் வெயில வெச்சுக்கிட்டு அதத்தானே பண்ணுது?

காவேரி: பண்ணுது. எவளையும் திருடின்னு சொல்லாமப் பண்ணுது.

இசபெல்லா: நான் அன்னிக்கு...

காவேரி: என்னா, கொட்டை தொண்டையில சிக்கிக்கிச்சா?

இசபெல்லா: அக்கா, நான் நேராவே சொல்லிடறேன். நீங்க திரும்ப வேலைக்கு வரணும். புரபசர்கிட்ட நான் பேசறேன்.

காவேரி: அடேங்கப்பா. அந்த ஆளா? "கள்ளி"ன்னு கன்னடத்துல கத்துனானே, அந்த ஆளுதானே? புரியாதுன்னு நெனச்சுக் கத்துனான். கன்னடத்துல சொன்னா வலிக்காதா? ஏன், புது ஆளு சரியில்லியா?

இசபெல்லா: தீர்த்தம்மாள்னு ஒருத்தங்க. நல்லவங்கதான். சொன்னத அப்படியே செய்வாங்க.

காவேரி: அப்புறம் என்னா கேடு?

இசபெல்லா: வந்து...

காவேரி: முழுங்காதே.

இசபெல்லா: நீங்க போனதுல இருந்து ஒண்ணுமே வரலைங்கக்கா. அந்த மெஷின் இருக்குதில்ல, பேனா வெச்சு பேப்பர்ல மேடு மேடா வரையுமே...

காவேரி: தெரியும். மலை வந்துருச்சு, மலை வந்துருச்சுன்னு நீ குதிப்ப.

இசபெல்லா: மேடு வந்தா எண்ணெய் உண்டாயிருக்குன்னு அர்த்தம். இப்ப நேர் கோடு. அஞ்சு மாசமா நேர் கோடு. சிலிண்டர மாத்துனேன். தண்ணிய மாத்துனேன். வெளக்க மாத்துனேன். புதுசா செம்புத் தகடு வரவழைச்சேன். ராத்திரியும் பகலும் அங்கதான் கெடக்கறேன். ஒண்ணும் வரல.

காவேரி: எல்லாத்தையும் மாத்திட்ட.

இசபெல்லா: ஆமாங்க.

காவேரி: நீ மாத்தாம தானா மாறுனது ஒண்ணு இருக்குதே. அத யோசிச்சியா?

இசபெல்லா: யோசிச்சுத்தான் வந்திருக்கேன்.

காவேரி: சொல்லு, வாயால சொல்லு. கேக்கணும்போல இருக்குது.

இசபெல்லா: நீங்கதாங்க. நீங்க இருந்தப்ப வந்துச்சு, நீங்க போனதும் நின்னு போச்சு. தகட்ட நீங்க எப்படியோ கழுவியிருக்கீங்க. நான் சொன்ன மாதிரி இல்ல.

காவேரி: ஹா! எம்மாம் பெரிய படிப்பு... எத்தன புஸ்தகம்... கடைசியில பாத்திரம் வெளக்கறவகிட்ட வந்து நிக்குது. இரு, நல்லா சிரிச்சுக்கறேன்.

இசபெல்லா: சிரிங்க. எனக்குக் கோவமில்ல.

காவேரி: உனக்கு எதுக்குக் கோவம் வரணும்? கோவப்பட வேண்டியவ நான். நீ என்னா சொல்லிக் குடுத்த? பாட்டில்ல இருந்து ஆசிட்ட அளந்து ஊத்தி, தகட்ட அதுல முக்கி எடுன்ன. சொன்னியா இல்லியா?

இசபெல்லா: நைட்ரிக் ஆசிட். ஆமா. தண்ணி கலந்தது.

காவேரி: கலந்ததோ கலக்காததோ. மொத வாரத்துலயே எம் பத்து வெரலும் மஞ்சளாப் போச்சு. எங்க அண்ணன் மவ கல்யாணத்துக்குப் போனா, என்னாடி பொண்ணுக்கு நலுங்கு வெச்சிட்டு கை கழுவலையான்னு கேக்கறாளுங்க. தோலு உரிஞ்சு வந்துச்சு. கையொற குடும்மான்னு கேட்டேன். என்னா சொன்ன?

இசபெல்லா: ஞாபகம் இல்லீங்க.

காவேரி: எனக்கு இருக்குது. "அது ஸ்காலருங்களுக்கு மட்டுந்தான் வருது, நீங்க கொஞ்சம் பாத்துப் பண்ணிக்குங்க"ன்ன. பாத்துப் பண்ணிக்கிட்டேன்.

இசபெல்லா: எப்படி?

காவேரி: ஆசைப்படாத. அவ்ளோ சுளுவா சொல்லிருவேனா?

இசபெல்லா: கால்ல வுழுவணுமா? சொல்லுங்க, வுழுவறேன்.

காவேரி: சத்தம் போடாத. உள்ள எம் மவ படுத்திருக்கா. கால்ல வுழுந்து எனக்கு என்னா ஆவப்போவுது? அந்தத் தகட்டுக்கு வழி சொல்லு. எட்டுத் தகடு இருந்துச்சு, ஏழுதான் இருக்குது, காவேரிதான் எடுத்து பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டுட்டான்னு சொன்ன பாரு... நம்ம பக்கத்து ஊரு, நீதான் என்னை வேலைக்குச் சேத்துவுட்ட, நீதான் மொதல்ல கை நீட்டிக் காட்டுன.

இசபெல்லா: வேற யாரும் அந்த ரூமுக்குள்ள வரலீங்க. நான் என்னான்னு நெனைக்கறது?

காவேரி: இப்ப என்னா நெனைக்கற?

இசபெல்லா: அத இப்ப எதுக்குங்க கேக்கறீங்க?

காவேரி: நெனப்பு தெரியாம நான் வாயத் தொறக்க மாட்டேன். நாலு மணி ரயிலு இருக்குது. கெளம்பறதுன்னா இப்பவே கெளம்பு.

இசபெல்லா: இருங்க, இருங்க. நீங்க எடுக்கலைங்கக்கா.

காவேரி: எப்படித் தெரியும்?

இசபெல்லா: அது... கெடச்சிருச்சு.

காவேரி: என்னா கெடச்சுது?

இசபெல்லா: தகடு. நீங்க போனப்புறம் கெடச்சிருச்சு. சொல்றதுக்கு எனக்கு வெக்கமா இருந்துச்சு.

காவேரி: அட. எங்க கெடச்சுது?

இசபெல்லா: தராசுப் பெட்டிக்கு அடியில. வழுக்கி உள்ள போயிருக்குது.

காவேரி: தராசுப் பெட்டிக்கு அடியில. யாரு பாத்தது?

இசபெல்லா: நாந்தான். பெட்டிய நவுத்தி தூசு தொடச்சப்ப.

காவேரி: நீ தூசு தொடச்சியா? அதிசயந்தான். எந்தக் கெழம?

இசபெல்லா: ஒரு... செவ்வாக்கெழம.

காவேரி: பளபளன்னு இருந்துச்சா, கறுத்துப் போயிருந்துச்சா?

இசபெல்லா: கறுத்துத்தான். இத்தன நாளு காத்துப் பட்டுக் கெடந்தா கறுக்காதா? ஓரம் லேசா மடங்கியிருந்துச்சு.

காவேரி: ஓரம் வேற மடங்கியிருந்துச்சா.

இசபெல்லா: ஏங்க, நம்பிக்கையில்லியா?

காவேரி: உங்க மாதா மேல சத்தியம் பண்ணு.

இசபெல்லா: அதுக்கு எதுக்குங்க...

காவேரி: பண்ணு.

இசபெல்லா: மாதா மேல சத்தியமா தகடு கெடச்சிருச்சு. நீங்க எடுக்கல. போதுமா?

காவேரி: ...போதும்.

இசபெல்லா: இப்பச் சொல்லுங்க. எப்படிக் கழுவுனீங்க?

காவேரி: உன் கையில என்னா ஒட்டிக்கிட்டிருக்குது?

இசபெல்லா: புளி.

காவேரி: அதுதான்.

இசபெல்லா: புளியா? வெறும் புளியா?

காவேரி: செம்பு அண்டாவ எங்கயாவது ஆசிட்டு ஊத்திக் கழுவி நீ பாத்திருக்கியா? வூட்டுல இருந்து புளி கொண்டாந்து, ஊற வெச்சுத் தேச்சேன். கொஞ்சம் சாம்பலு. செம்பு பொண்ணாட்டம் மின்னுச்சு. உன் ஆசிட்ட தெனமும் நீ சொன்ன அளவுக்கு அளந்து, தொட்டியில ஊத்தித் தண்ணியத் தொறந்து வுட்டேன். பாட்டில் கொறையலன்னா நீ கேப்பியே.

இசபெல்லா: புளி... டார்டாரிக் ஆசிட்! அக்கா, இது எவ்ளோ பெரிய விஷயம் தெரியுங்களா? மேல இருக்கற ஆக்சைடு மட்டும் கரைஞ்சு போவும், அடியில செம்பு சொரசொரன்னு நிக்கும். அந்தச் சொரசொரப்புலதான் கார்பன் ஒண்ணோட ஒண்ணு சேந்திருக்குது! ஐயோ, இது புது தியரி. இதையே ஒரு தனிப் பேப்பரா எழுதலாம்!

காவேரி: பாரு, மொகத்துல பல்பு எரியுது. இவ்ளோ நாளு புளி கொழம்புல கெடந்துச்சு, இனிமே பேப்பர்ல ஏறிக்கும்.

இசபெல்லா: ஜப்பான்காரங்க, அமெரிக்காக்காரங்க எல்லாம் இதே வேலையப் பண்றாங்கக்கா. அவங்களுக்குச் சாண கேஸ்ல வர்ற மீத்தேன் மாதிரி பொடிசு பொடிசாத்தான் கெடைக்குது. எனக்கு மட்டுந்தான் பெரிய பெரிய சரக்கு வந்துச்சு. எண்ணெயில இருக்கற மாதிரியே. எப்படி வருதுன்னு உலகமே கேக்குது, எனக்குப் பதில் சொல்லத் தெரியாம இருந்துச்சு. இப்பத் தெரிஞ்சு போச்சு!

காவேரி: சந்தோசம். போயி தேயி. நல்லா தேச்சு, கழுவி, அப்புறம் சீமெண்ணத் துணியால ஒரு தொட தொடச்சிரு.

இசபெல்லா: ...என்னா துணி?

காவேரி: சீமெண்ணத் துணி. புளி போட்டுத் தேச்சுட்டுச் சும்மா வுட்டா மறுநாளே செம்பு கறுக்கும். லேசா சீமெண்ண தொட்டுத் தொடச்சு வெச்சா ஒரு வாரம் மின்னும். எங்கூரு பாத்திரக்கடைக்காரனெல்லாம் அதத்தான் பண்றான்.

இசபெல்லா: ஒவ்வொரு தடவையுமா?

காவேரி: ஒவ்வொரு தடவையுந்தான். நீ காலையில வந்ததும் "அட, என்னமா மின்னுதுங்கக்கா"ன்னு சொல்வியே, அதுக்கோசரந்தான். லேப்புல டீ போடற ஸ்டவ்வுக்கு வெச்சிருந்த டின்னுல இருந்து ஒரு சொட்டு... ஏன், என்னா ஆச்சு? ஏன் மூஞ்சி செத்துப் போச்சு?

இசபெல்லா: ஒண்ணுமில்ல.

காவேரி: தண்ணி குடிக்கறியா?

இசபெல்லா: மெஷின் பேனா வரைஞ்சுதே... அந்த மேடு... அது பொகையில இருந்து வந்த எண்ணெய் இல்லீங்க.

காவேரி: பின்ன?

இசபெல்லா: நீங்க தொடச்ச சீமெண்ண. வெளக்குச் சூட்டுல ஆவியாயி, அதுவே மேல வந்து, அதையே நான் ஊசியில உறிஞ்சி மெஷின்ல வுட்டிருக்கேன். மூணு வருஷம்... மூணு வருஷமா நான்...

காவேரி: இரு, இரு. அப்ப நீ எழுதுன புஸ்தகம் பூராவும் ரேஷன் கடை சீமெண்ணயா?

இசபெல்லா: சிரிக்காதீங்க.

காவேரி: டெல்லிக்காரன் பாக்க வர்றது சீமெண்ணயா? அமெரிக்காக்காரன் கடுதாசி போட்டுக் கேட்டது சீமெண்ணயா? ஐயோ, வயிறு வலிக்குதே! வரிசையில நின்னு டின்னுல வாங்கிட்டு வந்தது நானு!

இசபெல்லா: சிரிக்காதீங்கன்னு சொல்றேன்ல! நீங்கதான் கெடுத்தீங்க! ஒழுங்கா ஆசிட்டுல முக்கி எடுத்திருந்தா...

காவேரி: மொத நாளே நேர் கோடு வந்திருக்கும். நேர் கோடுதானே நெசம்? நெசத்த நானா கெடுத்தேன்? அஞ்சு தடவ தகட்ட மூக்குகிட்ட வெச்சுப் பாத்திருக்க. வாசம் அடிக்கலியா?

இசபெல்லா: அங்க ஸ்டவ்வு எரியுது, எல்லாமே அந்த வாசந்தான். எனக்கு மலை வரணும்னு இருந்துச்சு. வந்துச்சு. அதுக்கு மேல நான் கேக்கல.

காவேரி: கேட்டிருக்கணும். தகடு காணோம்னா மட்டும் என் சேலை முந்தானைய அவுத்துக் காட்டுன்னு கேக்கத் தெரிஞ்சுதுல்ல?

இசபெல்லா: அக்கா... எங்கப்பா ஊரெல்லாம் சொல்லிட்டாரு. போன ஞாயித்துக்கெழம பூசையில சாமியாரு எம் பேரச் சொல்லி ஜெபம் பண்ணாரு. நான் எப்படித் திரும்பிப் போவேன்? எனக்கு அசிங்கமா இருக்குது. செத்துரலாம்போல இருக்குது.

காவேரி: அதெல்லாம் சாவ மாட்ட. போயி நெசத்தச் சொல்லு. நாலு பேரு சிரிப்பாங்க. என்னையப் பாத்துச் சிரிக்கலியா? நான் உசுரோட இல்லியா?

இசபெல்லா: ஒரே ஒரு நாளு. திங்கக்கெழம மட்டும் நீங்க வந்து...

காவேரி: வந்து?

இசபெல்லா: எப்பவும் போல தொடச்சுக் குடுத்துருங்க. சீமெண்ண கூடுனா வாசம் தெரிஞ்சிரும், கொறஞ்சா மேடு வராது. அந்தப் பக்குவம் உங்க கைக்குத்தான் தெரியும். அப்புறம் வெளிய யார்கிட்டயும் சொல்லக் கூடாது. டிகிரி வந்ததும் நானே எல்லாத்தையும் சரி பண்ணிடறேன்.

காவேரி: தெரியாமப் பண்ணுனத இனிமே தெரிஞ்சே பண்ணச் சொல்ற.

இசபெல்லா: ஒரே ஒரு தடவைங்க.

காவேரி: முடியாது.

இசபெல்லா: ஏன்? நான் எறங்கி வந்தேனே! புரபசர் முன்னாடி வந்து, காவேரி திருடல, தகடு கெடச்சிருச்சுன்னு சொல்றேன். எழுதியும் குடுக்கறேன். உங்க மேல இருந்த பழி போவுதில்ல? மாதா மேல சத்தியமே பண்ணிட்டேன். அதுக்காவது எனக்கு இது ஒண்ணு பண்ணக் கூடாதா?

காவேரி: அந்தச் சத்தியத்தத் தூக்கி இந்தக் கொட்டையோட குப்பையில போடு. தராசுப் பெட்டிக்கு அடியிலயா? செவ்வாக்கெழமயா? ஓரம் மடங்கியா? எம் மவளுக்கு ரெண்டு தடவ கலைஞ்சு போச்சு. கடையில விக்கற தகடு கலப்படம், தாயத்துக்குச் சுத்தச் செம்பு கொண்டான்னு எங்க பூசாரி சொன்னாரு. உங்க லேப்ப வுட்டா சுத்தச் செம்பு எங்க இருக்குது? நாந்தான் எடுத்தேன், சுருட்டி அவ இடுப்புல கட்டிவுட்டேன், இப்ப ஏழு மாசம் நிக்குது. போயி உங்க ஆளுங்ககிட்ட ரெண்டு நெசத்தையும் சேத்தே சொல்லு. உன் எட்டுத் தகட்டுல வேலை செஞ்சது அது ஒண்ணுதான்.